கர்ப்பிணிக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் தூக்கம்

28 வாரம் ஆனதும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கம்தான் என்றில்லை, வலப்பக்கமும் சரியே. முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் இடுப்புக்கு இதம். நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? பதறாமல் திரும்பிப் படுங்கள்.

இரவில் கால்கள் குறுகுறுத்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்க வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால் அரித்துத் தூக்கம் கெட்டால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு இரவு முழுக்கத் தூங்க முடியாது. பச்சைக் குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். "பகலில் தூங்கினால் உடம்பு ஊதிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மட்டும் கேட்காதீர்கள். பால் கொடுத்ததும் ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் கணவரோ அம்மாவோ செய்யலாம். அந்த நேரம் உங்கள் தூக்கத்துக்கு. குழந்தையைப் பார்க்க வருபவர்கள் மாலையில் வரட்டும். கண் சொக்கும்போது சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள். அப்படியே தூங்கிப்போனால் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

குழந்தை அயர்ந்து தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இப்படியே இரண்டு வாரம் போகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.