தனித்த அமைப்பின் நிறையை எங்கே நின்று அளப்பது?

ஒரு விண்மீனையோ இரட்டைக் கருந்துளையையோ அண்டத்திலிருந்து பிரித்து, அது மட்டுமே இருப்பதாகக் கொள்வதுதான் பொதுச் சார்பியலில் 'தனித்த அமைப்பு'. விலகிப் போகப் போக அதைச் சுற்றிய காலவெளி தட்டையாகிவிடும். இந்த வடிவியலுக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு:

செய்ய வேண்டியவை

• எந்த முடிவிலிக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நேரத்தை நிறுத்திவைத்து வெளியில் மட்டும் விலகிப் போனால், ஆர்னவிட், டெசர், மிஸ்னர் மூவரும் வரையறுத்த மொத்த நிறை கிடைக்கும். அது மாறாது. ஒளிக்கதிரோடு சேர்ந்து வெளியேறினால் கிடைப்பது பாண்டி நிறை. ஈர்ப்பு அலை வெளியேற வெளியேற இது குறையும். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்னும் ஈர்ப்பு அலை உணரி பதிவுசெய்த கருந்துளை மோதலில் ஏறக்குறைய 3 சூரிய நிறை அலையாகப் போனது. அந்த இழப்பைப் பாண்டி நிறைதான் காட்டும். முதலில் சொன்ன மொத்த நிறையோ, போன அலையையும் சேர்த்தே எண்ணும்.

• பென்ரோஸ் 1963இல் காட்டிய வழியைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தொலைவு கூடக் கூட நீளங்களை மேலும் மேலும் சுருக்கினால், ஒளியின் பாதை மாறாமலே முடிவிலி ஓர் எல்லைப் பரப்பாக வந்து நிற்கும். இத்துறையில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியாது.

• மொத்த நிறை எதிர்மமாகாது என்பதற்கு ஷோன், யாவ் இருவரும் 1979இல் தந்த நிறுவலையும், விட்டன் 1981இல் தந்ததையும் படியுங்கள்.

செய்யக்கூடாதவை

• "இந்தப் புள்ளியில் ஈர்ப்பின் ஆற்றல் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். தடையின்றி விழுகிறவருக்கு, அவர் இருக்கும் இடத்தில் ஈர்ப்பே தெரியாது. முழு அமைப்புக்கும் சேர்த்துத்தான் ஆற்றலைச் சொல்ல முடியும். ஈர்ப்பு அலை ஆற்றலைச் சுமக்கிறதா என்ற நெடுநாள் வாதத்துக்கு, 1962இல் பாண்டியும் அவருடைய கூட்டாளிகளும் சாக்ஸும் முடிவிலியில் கணக்கிட்டுத்தான் விடை கண்டார்கள்.

• காலவெளி தட்டையிலிருந்து விலகும் அளவில், தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும் உறுப்பைச் சிறியதென்று தள்ளிவிடாதீர்கள். நிறை இருப்பதே அதில்தான்.

• ஒளி சென்றடையும் முடிவிலியில், தட்டையான காலவெளிக்குரிய 10 சமச்சீர்கள் மட்டுமே மிஞ்சும் என்று நம்பாதீர்கள். திசைக்குத் திசை வெவ்வேறு அளவில் நேரத்தை நகர்த்தலாம் என்பதால் அவை எண்ணற்றவை. இவற்றைத் தொல்லையென்று ஒதுக்கவும் வேண்டாம். அலை கடந்த பிறகும் துகள்களுக்கிடையே நிலைத்துவிடும் இடமாற்றம் இவற்றோடு பிணைந்தது.

• அண்டமாறிலி நேர்மமாக இருக்கும் இடத்துக்கு இந்தப் படத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மாறிலி எவ்வளவு சிறியதானாலும் எல்லைப் பரப்பின் தன்மையே மாறிவிடுகிறது. பாண்டி நிறைக்கு அங்கே நிகரானது எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.