பயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்



திகில், பீதி, கலக்கம் என்று நம்மிடம் பல சொற்கள் இருந்தாலும், பேச்சு வழக்கில் 'பயம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டே நாம் எல்லாக் காரியத்தையும் முடித்து விடுகிறோம். பாம்பைக் கண்டாலும் பயம், பாக்கி வசூலாகாதோ என்றாலும் பயம். ஆங்கிலத்தில் அப்படி அன்று. இடமறிந்து சொல்லாவிட்டால் நகைப்புக்கு இடமாவதோடு வியாபாரத்தில் நஷ்டமும் வந்து சேரும். ஆகவே, கடையிலும் கடிதத்திலும் அடிக்கடி வரும் சில சொற்களை மட்டும் இங்கே கவனிப்போம்.

முதலாவது, 'அஃப்ரெய்ட்'. இதற்குப் பின்னால் வரும் சிறிய சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்றால் நாய்களைக் கண்டு பயம். 'ஆஃப்' என்பதை அடுத்து வருவது நம்மைப் பயமுறுத்தும் பொருள். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் மை சன்' என்றால் மகனுக்கு என்ன நேருமோ என்ற கவலை. இவ்விடத்தில் 'ஃபார்' போய் 'ஆஃப்' வந்துவிட்டால், பெற்ற மகனைக் கண்டே தகப்பன் நடுங்குவதாக அர்த்தமாகிவிடும்! 'அஃப்ரெய்ட் டு சைன்' என்றால் கையெழுத்திடத் துணிவில்லை என்று பொருள்.

இனி, வியாபாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கேனாட் ரின்யூ தி லீஸ்' என்று கட்டடக்காரரிடமிருந்து கடிதம் வருகிறதென்று வைத்துக் கொள்வோம். அவர் எதற்கும் பயப்படவில்லை. 'வருந்துகிறோம், கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலாது' என்று மரியாதையாக மறுக்கிறார். அதைப் புரிந்து கொள்ளாமல், 'ஏதோ தயங்குகிறார், பேசிக் கொள்ளலாம்' என்று நாம் இருந்துவிட்டால், தவணை நாள் வந்ததும் சாமான்களோடு வீதியில் நிற்க வேண்டியதுதான். மொத்த வியாபாரி கடன் தர மறுக்கும்போதும் இதே சொல்லைத்தான் போடுவார். அதற்கு 'டோன்ட் பி அஃப்ரெய்ட்' என்று பதில் எழுதினால் அவர் திகைத்துப் போவார். நாமும் ஒரு வாடிக்கைக்காரரிடம் 'இல்லை' என்று சொல்ல நேர்ந்தால், 'ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்' என்று சொல்லலாம். மறுப்பும் தெரியும், மனமும் நோகாது.

இரண்டாவது, 'ஃபிரைட்டண்ட்', 'ஸ்கேர்ட்'. இரண்டும் பயந்து போன நிலையைச் சொல்லும். 'ஸ்கேர்ட்' சாதாரணப் பேச்சுக்கு உரியது. பயந்த பிள்ளையை 'ஃபிரைட்டண்ட் சைல்ட்' என்பார்களேயன்றி 'அஃப்ரெய்ட் சைல்ட்' என்னும் வழக்கமில்லை. 'எனக்குப் பயமாயிருக்கிறது', 'அந்தச் சந்து பயமாயிருக்கிறது' என்று இரண்டிற்கும் நாம் ஒரே சொல்லைப் போடுவதால், நம்மவர் பலர் 'ஐ ஆம் ஃபிரைட்டனிங்' என்று சொல்லி விடுகிறார்கள். அதற்கு அர்த்தம், 'நான் பிறரைப் பயமுறுத்துகிறவன்' என்பதாகும். பயப்படுகிறவர் 'ஃபிரைட்டண்ட்', பயப்படுத்துவது 'ஃபிரைட்டனிங்'. 'ஸ்கேர்ட்', 'ஸ்கேரி' என்பனவும் அப்படியே.

மூன்றாவது, 'ஆங்ஷஸ்'. 'ஆங்ஷஸ் அபௌட் தி ஷிப்மெண்ட்' என்றால் வரவேண்டிய சரக்கைப் பற்றிய கவலை. 'வீ ஆர் ஆங்ஷஸ் டு செட்டில் தி அக்கௌண்ட்' என்றாலோ கணக்கைத் தீர்க்க மிகவும் ஆவலாயிருக்கிறோம் என்று பொருள். முன்னதில் கவலை, பின்னதில் ஆவல். இவ்விரண்டையும் மாற்றிப் படிக்கலாகாது. 'நெர்வஸ்' என்பது பரீட்சைக்கோ பேட்டிக்கோ போகுமுன் உண்டாகும் படபடப்பு. நரம்பைக் குறிக்கும் 'நெர்வ்' என்ற சொல்லிலிருந்து வந்திருந்தாலும், அப்படிச் சொல்பவரை நரம்பு வியாதிக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவது, 'பேனிக்'. இது கிரேக்கரின் பழங்கதைகளில் வரும் 'பான்' என்னும் காட்டுத் தெய்வத்தின் பெயரால் பிறந்த சொல். புத்தியை இழக்கச் செய்யும் பயத்திற்கே இது பொருந்தும். 2020 பிப்ரவரி 7-ஆம் தேதி சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தப்பட்டதும், ஜனங்கள் அரிசியையும் மீயையும் அள்ளிச் சென்றார்கள். அடுத்த மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது மலேசியாவிலும் அவ்வாறே நடந்தது. அதற்குப் பெயர் 'பேனிக் பையிங்'. 'டோன்ட் பேனிக்' என்றால் 'பயமே கூடாது' என்பதன்று. 'பயத்தால் நிதானம் இழக்காதீர்' என்பதாகும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 'கவ்ஃப்' வேறு, 'கஷ்யத்' வேறு என்று நாம் படித்திருக்கிறோம். முன்னது பொதுவான அச்சம். பின்னது, யாரை அஞ்சுகிறோமோ அவனுடைய மகத்துவத்தை அறிந்து அஞ்சுவது. அல்லாஹ்வை அஞ்சுகிறவரை ஆங்கிலத்தில் 'ஸ்கேர்ட்' என்று சொல்வது அழகன்று. 'காட் ஃபியரிங்' என்பதே முறை. ஒரு வியாபாரியைப் பற்றி அப்படிச் சொன்னால், அவருடைய தராசும் கணக்கும் நேரானவை என்று நற்சான்று கொடுத்ததாகும்.

பயிற்சி: இம்மாதம் கடைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களிலும் கைபேசிச் செய்திகளிலும் 'அஃப்ரெய்ட்' என்ற சொல் வந்தால் கோடிட்டு வையுங்கள். அது பயமா, மறுப்பா என்று தீர்மானித்த பிறகே பதில் எழுதுங்கள். ஐயமிருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அல்லாஹ் நமக்குப் பயன் தரும் கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.