இறுகிய வளையம் கழல்வது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டிய கொல்லர், இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே அடிப்பார். பழுக்கக் காய்ச்சியதும் அது விரிந்து சக்கரத்தின்மேல் நழுவி அமரும். தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகும்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரப் பல்சக்கரக் கூட்டில் பேரிங்கின் வெளிவளையம் சிக்கிக்கொண்டால், மெக்கானிக் இதே விதியைத் திருப்பிப் போடுகிறார். கூடு அலுமினியம், வளையம் எஃகு. குழியின் அடி மூடியிருந்தால் பின்னாலிருந்து தட்டவும் வழியில்லை. உளி வைத்து அடிப்பது ஆபத்து. கடினமான எஃகு சில்லாகத் தெறித்துக் கண்ணைக் குத்தும். கூடும் விரிசல் காணும்.

கூட்டைச் சூடாக்கினால் துளை பெருக்குமா, சுருங்குமா? சுருங்கும் என்றே பலர் விடை சொல்வார்கள். துளையின் விளிம்பை வெட்டி நிமிர்த்திய கம்பியாக எண்ணிப் பாருங்கள். சூட்டில் கம்பி நீளும். மீண்டும் வளைத்தால் வட்டம் பெரிதாகத்தானே இருக்கும்?

இனி கணக்கு. வளையத்தின் விட்டம் 52 மி.மீ. என்போம். 30 பாகையிலிருந்து கொதிநீரின் 100 பாகைக்கு ஏற்றினால் அலுமினியத் துளை 0.084 மி.மீ. விரியும், எஃகு வளையம் 0.044 மி.மீ. மட்டுமே. வேறுபாடு 0.04 மி.மீ.; தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பாதி! பெரும்பாலும் அதுவே போதும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கூடு முழுதும் சீராகச் சூடேறியதும் மரக்கட்டைமேல் கவிழ்த்துத் தட்டினால் வளையம் நழுவி விழும். ஒரே இடத்தில் தீ பாய்ச்சினால் கூடு கோணிவிடும்.

அதற்கும் அசையாவிட்டால், வளையத்தின் உட்புறம் ஒரு வெல்டிங் கோடு இழுப்பார்கள். ஆறும்போது அந்த உலோகம் சுருங்கி வளையத்தையும் உள்நோக்கி இழுக்கும். பிடி தளர்ந்துவிடும்.