லேடாங் மலையில் கிடந்த காய்

கேள்வி: ஐயா, குனோங் லேடாங் ஏறும்போது பாதையோரம் தொப்பி போட்ட காய் ஒன்று கிடந்தது. ஓக் மரத்துக் காய் என்கிறார் நண்பர். குளிர்நாட்டு மரம் ஜொகூரில் எப்படி? அதன் விதையைப் பத்திரப்படுத்தி வைத்து அடுத்த ஆண்டு வீட்டில் நடலாமா?
– வாசகர், குளுவாங்

பதில்: நண்பர் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஓக் குடும்பம் குளிர்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நீங்கள் பார்த்தது மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்று அழைக்கும் லித்தோகார்பஸ் மரத்தின் காயாக இருக்கலாம். ஆசியாவில் அதற்கு 300-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முள்தோலுக்குள் கொட்டை வைக்கும் பெராங்கானும் இதே குடும்பம்தான். ஐரோப்பிய ஓக்கின் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். மெம்பெனிங்கின் நிமிர்ந்த, மணமுள்ள பூங்கதிர்களைத் தேடிப் பூச்சிகள் வரும்.

மெம்பெனிங்கின் காய்கள் இரண்டு விதம். சிலவற்றில் மெல்லிய ஓடும் தொப்பியும். வேறு சிலவற்றில் விதையைச் சுற்றிக் கட்டை போன்ற தடித்த சுவர். ஓடு மெல்லியதாக உள்ள விதைகள், தின்ன வரும் விலங்குகளைத் தடுக்கும் பொருள்களை உள்ளே கூடுதலாக வைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அணிலும் எலியும் விதைகளைப் புதைத்துவைத்து, சிலவற்றை எடுக்காமலே விட்டுவிடும். காட்டில் புதுக் கன்றுகள் முளைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. பத்திரப்படுத்த முடியாது. நெல்லைப்போல் காயவைத்தால் இந்த விதை செத்துப்போகும். விதை வங்கிகளின் உறைகுளிரிலும் பிழைக்காது. ஆகவே இந்த மரங்களுக்கு நின்றுகொண்டிருக்கும் காடுதான் களஞ்சியம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சரிவை வெட்டிவிட்டுப் பிறகு விதை போட்டு மீட்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

காட்டைக் காத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எண்டாவ் ரொம்பின் காட்டில் 1977-இல் மரம் வெட்டத் தொடங்கியபோது நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1985-இல் மலாயா இயற்கைக் கழகம் அறிவியல் குழுவை அங்கே கூட்டிச்சென்றது. அந்தக் காட்டின் ஜொகூர் பகுதி பின்னர் தேசியப் பூங்காவாயிற்று. அந்தப் போராட்டம் நடந்திராவிட்டால் அங்கே இன்று எத்தனை மரங்கள் மிஞ்சியிருக்கும்?

2020-இல் வெளியான உலக ஓக் சிவப்புப் பட்டியல் 430 வகைகளை ஆராய்ந்தது. சுமார் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. ஆனால் அது ஓக் குடும்பத்தில் குவெர்கஸ் என்ற பேரினத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. நம் மெம்பெனிங் அதில் இல்லை. மெம்பெனிங் உட்பட, மலேசியா அடங்கிய இப்பகுதியின் ஓக் குடும்பத்தை 1972-இல் தாவரவியலாளர் சோப்பாட்மோ விரிவாக வகைப்படுத்தினார். இன்றும் ஆய்வாளர்கள் அவர் எழுதியதைப் புரட்டுகிறார்கள்.

லேடாங் பூங்காவுக்குள் கிடக்கும் காயை எடுக்காதீர்கள், அனுமதி வேண்டும். படம் எடுங்கள். பூ உச்சிக்கிளையில் இருப்பதால் கீழே விழுந்த காயே வகையைச் சொல்லும் நல்ல சான்று. தொப்பியின் மேற்புறம், காயின் அடிப்பகுதி, இலையின் பின்புறம் மூன்றும் தெளிவாக விழவேண்டும். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நடத்தான் வேண்டுமென்றால், நாற்றங்காலில் மெம்பெனிங் கன்று கிடைக்குமா என்று வனத்துறையிடம் கேட்டுப் பாருங்கள்.