எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

கல்யாண வீடியோ, யூடியூப் சேனல், குறும்படம் என்று எடிட்டிங்கில் இறங்குகிற தம்பி தங்கைகள் எல்லாரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அக்கா, ஐ7 போதுமா, ஐ9 வேணுமா?" கடைக்காரரும் அதையேதான் கேட்பார். நான் திருப்பிக் கேட்பது வேறு: "உன் கேமரா எந்த மாதிரி ஃபைல் தருது?" அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பிராசஸர் பாதி முடிவான மாதிரி. மதர்போர்டு அதன் பின்னாலேயே வந்துவிடும்.

1. முதல் வேலை, ஃபைலைத் திறந்து பார்

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நீ எடுத்த கிளிப் ஒன்றை அதில் இழுத்துப் போடு. மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள். கோடெக் ஏவிசியா, ஹெச்இவிசியா? பிட் டெப்த் 8-ஆ, 10-ஆ? குரோமா 4:2:0-வா, 4:2:2-வா? ஏவிசி என்றால் எச்.264, ஹெச்இவிசி என்றால் எச்.265.

இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன்? இந்த ஃபைல்களில் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்காது. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகியிருக்கும். டைம்லைனில் நீ பின்னோக்கி இழுக்கும்போது, ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்காகப் பிராசஸர் அதற்கு முன்னால் உள்ள பலவற்றைக் கணக்குப் போட்டாக வேண்டும். ஃபைல் சின்னதுதான், வேலை பெரிது. படம் திக்கித் திணறுவது இங்கேதான்.

8 பிட் 4:2:0 என்றால் கவலையே வேண்டாம். எச்.264, எச்.265 இரண்டிலும் இன்றைய கிராபிக்ஸ் சிப் எதுவாக இருந்தாலும் அதை ஊதித் தள்ளிவிடும். சிக்கல் 10 பிட் 4:2:2-ல்தான்.

2. 4:2:2 எடுக்கிறாயா? இதைக் கவனி

இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் குயிக் சிங்க் என்று ஒரு வசதி உண்டு. 11-ஆம் தலைமுறையிலிருந்து அது எச்.265 10 பிட் 4:2:2-ஐ நேரடியாகப் படிக்கும். ரைசன் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் படிக்காது. என்விடியாவிலும் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் 4:2:2-ஐப் படிக்கிறது. அதற்கு முந்தைய 30, 40 வரிசைக் கார்டு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த ஃபைலைக் கண்டால் கையை விரித்துவிடும்.

சோனி ஏ7 IV வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் எக்ஸ்ஏவிசி எஸ் என்று வைத்து எடுத்தால் எச்.264, எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்று வைத்தால் எச்.265. இரண்டிலும் 10 பிட் 4:2:2 கிடைக்கும். ஆனால் 11 முதல் 14-ஆம் தலைமுறை வரையான இன்டெலின் குயிக் சிங்க், ஹெச்எஸ் ஃபைலைத்தான் படிக்கும். எஸ் ஃபைலின் பாரம் முழுக்கக் கோர்களின் தலையில் விழும். கேமரா மெனுவில் ஒரு மாற்றம் செய்தாலே பழைய கம்ப்யூட்டர்கூட வேகம் எடுப்பது உண்டு. செலவு பண்ணுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்.

3. பெயரின் வாலைப் பார்

இன்டெல் பிராசஸர் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். கேம் ஆடுகிறவனுக்கு அது லாபம், உனக்கு நஷ்டம். வால் 'கே' என்றால் ஓவர்கிளாக் செய்யலாம். பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். ரைசன் 7 9700எக்ஸ் மாதிரி மாடல்களிலும் கூலர் வராது. அந்தச் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிக்கொள்.

இன்னொரு நுணுக்கம். ஐ5-14400-ல் இருப்பது யுஎச்டி 730, ஐ5-14500-ல் இருப்பது யுஎச்டி 770. முதலாவதில் வீடியோ எஞ்சின் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. பெயரில் நூறுதான் வித்தியாசம், எடிட்டிங்கில் அது தெரியும்.

4. எந்த மென்பொருள்?

பிரீமியர் புரோவில் எச்.264, எச்.265 வேலை செய்கிறவர்களுக்குக் குயிக் சிங்க் பெரிய துணை. டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டை அதிகம் நம்பும். கலர், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் அங்கேதான் ஓடும். அதனால் ரிசால்வ்காரர்கள் பிராசஸரில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தைக் கார்டில் போடலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதிகம் திறக்கிறவர்களுக்கு ஒற்றைக் கோரின் வேகமும் நிறைய ரேமும் வேண்டும்.

5. இன்டெலா, ஏஎம்டியா?

எச்.265 4:2:2 எடுக்கிறாய், ஆர்டிஎக்ஸ் 50 கார்டு இல்லை என்றால் இன்டெல் எடு. கோர் அல்ட்ரா 7 265கே-வில் 20 கோர். நடுத்தர ஸ்டுடியோவுக்குத் தாராளம். 4:2:0 மட்டும்தான், அல்லது புதிய கார்டு இருக்கிறது என்றால் ரைசன் நல்ல தேர்வு. 8 கோர் 9700எக்ஸ் மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். 16 கோர் 9950எக்ஸ் நீண்ட ரெண்டருக்கும் 3டி வேலைக்கும். பெயரில் 'எக்ஸ்3டி' என்று இருப்பவற்றின் கூடுதல் கேஷ் முக்கியமாகக் கேமுக்கு. எடிட்டிங் மட்டும்தான் என்றால் அதற்குக் கூடுதல் பணம் தராதே.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு இது வசதி. வீட்டில் ஏற்கெனவே 32 ஜிபி டிடிஆர்4 ரேம் கிடக்கிறதா? எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் கிடைக்கும். அதில் ஐ7-14700 போட்டால் சிக்கனமாக முடியும். ஏஎம்5-உம் புதிய எல்ஜிஏ 1851-உம் டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, பெட்டியில் வரும் பிராசஸர்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. அதனால் புதிதாக, பெட்டியோடு வாங்கு. மாட்டியதும் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்.

6. மதர்போர்டில் எதற்குப் பணம் தருகிறாய்?

போர்டு உன் ரெண்டரை வேகமாக்காது. பிராசஸரை முழு வேகத்தில் ஓடவிடுவதும், உனக்கு வேண்டிய இணைப்புகளைத் தருவதும்தான் அதன் வேலை. கோர் அல்ட்ராவுக்கு பி860 சிப்செட் போர்டு, ரைசனுக்கு பி850 போர்டு பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

கையில் எடுத்ததும் சாக்கெட்டைச் சுற்றிப் பார். பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் அங்கேதான் இருக்கும். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா? 9950எக்ஸ் 230 வாட் வரை இழுக்கும். மொட்டையான மலிவுப் போர்டில் அதை மாட்டினால், ஏப்ரல் மே வெயிலில் மூன்று மணி நேரக் கல்யாணப் படத்தை எக்ஸ்போர்ட் போடும்போது விஆர்எம் சூடேறி, பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு வாங்கிய புல்லட்டைச் சந்துக்குள்ளேயே ஓட்டுகிற கதைதான்.

7. சின்ன எழுத்தில் இருப்பதைப் படி

போர்டு நிறுவனத்தின் தளத்தில் மேனுவல் பிடிஎஃப் இருக்கும். ஸ்டோரேஜ் பக்கத்தின் அடிக்குறிப்பைத் தேடு. மூன்றாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்றோ, கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் எக்ஸ்16-லிருந்து எக்ஸ்8-க்கு இறங்கும் என்றோ இருக்கலாம். விண்டோஸுக்கு ஒன்று, நடப்பு வேலைக்கு ஒன்று என இரண்டு எம்.2 கட்டாயம், முடித்த வேலைகளைப் போட்டு வைக்க சாட்டா ஹார்டு டிஸ்க். இந்த மூன்றும் ஒன்றாக வேலை செய்யுமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்.

பின்பக்கத்தையும் எண்ணு. எஸ்டி கார்டு ரீடருக்கு 5 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி போதும். யுஎச்எஸ்-2 கார்டின் உச்சமே நொடிக்கு 312 எம்பிதான். வெளி எஸ்எஸ்டியிலிருந்து நேராக எடிட் செய்கிறவர்களுக்கு 10 ஜிபிபிஎஸ் வேண்டும். அதைவிட வேகமான யுஎஸ்பி4 வேண்டுமென்றால் ஏஎம்டியின் எக்ஸ்870 போர்டுகளில் அது கட்டாயமாக இருக்கும்.

8. ரேம் இரண்டு குச்சி, நான்கு வேண்டாம்

நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு என்று திட்டம் போடாதே. ரைசன் 9000-ல் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5600. நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். 4கே வேலை என்றால் 32 ஜிபி ஆரம்பம், 64 நிம்மதி. எதுவானாலும் இரண்டு குச்சியாகவே முதலிலேயே வாங்கிவிடு.

9. கடையில், பணம் கொடுக்கும் முன்

ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, போர்டை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல். இப்போதைய சாக்கெட்டுகளில் பின்கள் போர்டு பக்கம் இருக்கின்றன. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்னும். ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாகவோ வேறு திசையிலோ தெரிந்தால் அந்தப் போர்டு வேண்டாம். வளைந்த பின்னுக்கு வாரன்டி கேட்டு அலைய முடியாது. சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்து. வாரன்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். பிராசஸர், போர்டு இரண்டின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கட்டும்.

பி650 போன்ற முந்தைய போர்டில் ரைசன் 9000 போடுவதாக இருந்தால், பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ளதாகப் பார்த்து எடு. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் அப்டேட் செய்யலாம்.

10. வீட்டுக்கு வந்ததும்

இன்டெலில் தனிக் கார்டு மாட்டினால் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்ற அமைப்பை ஆன் செய். இல்லையென்றால் குயிக் சிங்க்குக்குக் கொடுத்த காசு வீண். பிறகு உன் கேமராவின் அதே ஃபைலை டைம்லைனில் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வை. ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' வரைபடம் ஏறினால் எல்லாம் சரி. அது அசையாமல் சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் மென்பொருள் அமைப்பைப் பார், டிரைவரைப் பார். அப்படியும் திக்கினால் ப்ராக்ஸி (ஃபைலின் எடை குறைந்த நகல்) போட்டு வேலையை ஆரம்பி. கல்யாண வீட்டுக்காரருக்குத் தேதிக்குப் படம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.