ஓரத்தில் தொடங்கும் இருள்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் நடைபாதைகளில் புடைப்புக் கோடுகள் கொண்ட தரை ஓடுகள் நீண்டு செல்வதைக் காணலாம். வெண்கோல் ஏந்தி நடப்போர் அவற்றைத் தடம் பற்றியே கடைத்தெருவுக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் செல்கின்றனர். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் இயங்குகிறது. பார்வையற்றோர் எல்லாரும் பிறவியிலேயே அவ்வாறு பிறந்தவர்கள் அல்லர். நடு வயதிலோ முதுமையிலோ பார்வையைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுள் உண்டு. அத்தகைய இழப்புக்கு உலகெங்கும் முக்கியக் காரணமாக விளங்கும் நோய்களுள் ஒன்று, குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்.

இந்தப் பெயர் பலரைக் குழப்பிவிடுகிறது. “எனக்கு இரத்த அழுத்தம் இல்லையே, பிறகு எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக வடிகிறது. வடிகால் அடைபட்டால் அல்லது மந்தமானால் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம், கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பைப் பாதிக்கிறது. அந்நரம்பில் ஏறத்தாழ ஒரு மில்லியன் மெல்லிய இழைகள் உள்ளன. அவற்றுள் மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கண்புரையால் மங்கிய பார்வையை அறுவைச் சிகிச்சையால் மீட்கலாம். குளுக்கோமாவால் போன பார்வையை இன்றுவரை எந்த மருத்துவராலும் மீட்க முடியவில்லை.

அப்படியானால் நோயாளி உடனே மருத்துவரிடம் ஓட மாட்டாரா? ஓட மாட்டார், ஏனெனில் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. பெரும்பாலோர்க்கு வலி இல்லை, கண் சிவப்பதும் இல்லை. பார்வை முதலில் குறைவது நடுப்பகுதியில் அன்று, ஓரங்களில். ஒரு கண் காணாததை மறு கண் ஈடு செய்கிறது. எஞ்சிய வெற்றிடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் காரோட்டி வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள் “திடீரென்று” முளைத்ததாக அவர் நினைப்பார். அது திடீரென்று வரவில்லை. அவர் கண்ணுக்குத்தான் அது தாமதமாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் சுவரிலுள்ள எழுத்துகளை அவர் கடைசி வரிவரை பிழையின்றி வாசித்துவிடக்கூடும். அந்தச் சோதனை நடுப்பார்வையை மட்டுமே அளக்கிறது.

இவ்வாறு அறியாமலே வாழ்வோர் எத்தனை பேர்? சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 40 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,900 பேரைச் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 64 பேருக்குத் திறந்த கோண வகைக் குளுக்கோமா இருந்தது. அதாவது, வடிகால் திறந்திருந்தும் நீர் சரியாக வடியாத வகை. அந்த 64 பேரில் தமக்கு நோய் இருப்பதை முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்தாம். சென்னை நகரில் நோயின் விகிதம் சிற்றூர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. நகரில் மருத்துவமனைகள் நிறைந்திருந்தும் அங்கும் பெரும்பாலோர் நோயை அறியாமலே இருந்தனர்.

அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பான அழுத்தம் என்பர். ஆயினும், அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு சிதைந்தவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு கெடாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மருத்துவர் கண்ணின் உள்ளே நோக்கி, நரம்பு வெளியேறும் வட்டத்தில் குழி அகன்றிருக்கிறதா என்று பார்க்கிறார். நோயாளி ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்து, அங்கங்கே மின்னும் சிறு ஒளிப்புள்ளிகளைக் காணும்போதெல்லாம் பொத்தானை அழுத்துகிறார். விடுபட்ட புள்ளிகள் பார்வை எங்கே தேய்ந்தது என்பதைக் காட்டிவிடும். இது சலிப்பூட்டும் சோதனைதான். 1991இல் உலகுக்கு அறிமுகமான ஓசிடி கருவியோ ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுத்து, நரம்பிழைகளின் தடிப்பை மைக்ரோமீட்டர் அளவில் காட்டுகிறது. பார்வை குறைவதை நோயாளி உணரும் முன்னரே இழைகள் மெலிவதை அதில் காண இயலும்.

கண்டறிந்த பின் செய்யக்கூடியது அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே. அதனால் உண்மையில் பயன் உண்டா என்பதே நெடுநாள் ஐயமாக இருந்தது. சுவீடனில் 255 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கண்காணித்த ஆய்வு 2002இல் விடை தந்தது. சிகிச்சை பெறாதவர்களுள் 62 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது. பெற்றவர்களுள் 45 விழுக்காட்டினருக்கு முற்றியது. சிகிச்சை எல்லாரையும் காப்பாற்றவில்லை என்றாலும் இந்த வேறுபாடு சிறியதன்று.

நாள்தோறும் இடும் சொட்டு மருந்தே பரவலான சிகிச்சை. வலியே இல்லாத நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்திடுவது எளிதன்று. பலர் இடையிலேயே விட்டுவிடுகின்றனர். இதனால்தான் 2019இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு கவனம் பெற்றது. தொடக்கத்திலேயே லேசர் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. மருந்தும் லேசரும் பயனளிக்காதபோது, நீர் வடிய அறுவைச் சிகிச்சையால் புதுவழி அமைக்கின்றனர்.

எல்லாக் குளுக்கோமாவும் அமைதியாக வருவதில்லை. வடிகால் கோணம் சட்டென மூடிக்கொள்ளும் வகையில் கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் ஆகியவை தோன்றும். சீனர்களிடையே இவ்வகை அதிகம். வயிற்றுக் கோளாறு என்றெண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய நிலை இது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குளுக்கோமா இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது. கடுமையான கிட்டப்பார்வை உடையோருக்கும், மருத்துவரின் அறிவுரையின்றி ஸ்டீராய்டு கலந்த கண்மருந்தை நீண்ட நாள் பயன்படுத்துவோருக்கும் ஆபத்து உண்டு. ஆதலால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானதும் மருத்துவர்கள் கேட்கும் கேள்வி, “உங்கள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எத்தனை பேர்? அவர்களுள் யார் யார் கண்ணைச் சோதித்திருக்கிறார்கள்?” என்பதாகும்.