நின்றுபோன கொம்பனியின் துவக்கு

சனிக்கிழமை சாயங்காலங்களில் பங்களாவின் பின்விறாந்தையில் சாக்கு விரித்து, அதன்மேல் துவக்கைக் கிடத்தி அப்பா துடைப்பார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் அது. அவர் பெரிய துரை பங்களாவின் காவல்காரர். விசைக்குப் பின்னால் வளைந்து கிடக்கும் இரும்புப் பிடியைக் கீழே இழுத்தால் ‘டொக்’கென்று ஒரு கட்டை இறங்கி, குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் லயத்திலிருந்து ஓடிப்போய் எட்ட நின்று பார்ப்பேன். தொட விடமாட்டார். துணி கோத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்துவிட்டு, குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். “கண்ணாடி மாதிரி இருக்கணும்டா” என்பார்.

துவக்குக்கு லைசன் இருந்தது. அப்பாவின் பெயரில் எந்தக் காகிதமும் இல்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1975-இல் வெள்ளைக்காரக் கொம்பனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரை ஊருக்குப் போனார். துவக்கும் எங்கோ போய்விட்டது. அப்போது எனக்கு 14 வயது. 2012-இல், மரக்கறித் தோட்டத்தைக் காப்பதற்கென்று என் பெயரில் லைசன் எழுதப்பட்டபோது அந்தத் தாளை மடிக்க மனம் வராமல் கையில் விரித்துப் பிடித்தபடியே நுவரெலியா கச்சேரிப் படிகளில் இறங்கினேன். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை.

துவக்கின்மேல் ஆசை என்று தோட்டத்து ஆள் ஒருவன் சொன்னால் நம் சனங்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணிக்காக நின்ற சிவனு லெட்சுமணனும் அப்படியே செத்தார். 1900-இல் தொடங்கி 1949-இல் கலைத்த பிளாண்டர்ஸ் ரைபிள் படையில் வெள்ளைக்காரத் துரைமார் மட்டும்தான் இருந்தார்கள். துவக்கின் எந்தப் பக்கத்தில் நாம் நின்றோம் என்பதை நான் மறக்கவில்லை. என் ஆசை அந்த இரும்பு வேலையின்மேல், சனிக்கிழமை சாயங்காலத்தின்மேல்.

அப்பா துடைத்தது பேர்மிங்ஹாமில் கிறீனர் கொம்பனி செய்த ‘ஜி.பி.’ ரகம். ஒற்றைக் குழல், குழலளவு பன்னிரண்டாம் போர், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. மார்ட்டினி என்ற பழைய இராணுவ ரைபிளின் பூட்டு முறையை எடுத்து, 1920-களில் சாதாரண ஆட்கள் வாங்கத்தக்க விலையில் செய்தார்கள். 1965-இல் அந்தக் கொம்பனியை வெப்லி அண்ட் ஸ்கொட் வாங்கிற்று. வெப்லியும் 1979-இல் துவக்குச் செய்வதை நிறுத்தியது. ஆக, இன்று கையில் கிடைக்கும் எந்த ஜி.பி.யும் ஒரு மனிதனின் பாதி ஆயுளுக்குக் குறையாமல் வயது போனது. உதிரிப்பாகம் கடையில் கிடைப்பதில்லை. அது தெரிந்தும் எனக்கு வேறு துவக்கு வேண்டாமென்றிருந்தது. இரண்டு வருடம் விசாரித்து, ஒரு பழைய தோட்டத்துக் கிளாக்கரின் வீட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு பெரிய தப்பைச் செய்யப் பார்த்தேன். திம்புளைப் பக்கம் இரட்டைக் குழல் துவக்கொன்று விலைக்கு வந்தது. வெளியே சுத்தியல் வைத்த பழைய மொடல். குழல் முழுக்க ஆற்றுமணலில் தண்ணீர் போட்ட கோலம்போல வரிவரியாக ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்தது. பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். கண்டியில் லைசனோடு துவக்குப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். “வாசிங்க தம்பி” என்றார்.

அங்கேதான் துவக்கின் சாதகம் எழுதியிருக்கிறது. பேர்மிங்ஹாமில் 1813 முதல் குழல்களைச் சோதிக்கும் சாலை ஒன்று இயங்குகிறது. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். முடி ஒன்றும் அதன்கீழ் ‘என்.பி.’ என்ற எழுத்தும் இருந்தால் இக்காலத்துப் புகையில்லா மருந்தைத் தாங்கும் என்று சோதித்ததாக அர்த்தம். நான் மயங்கிய துவக்கில் அது இல்லை. கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழல். இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முறுக்கிய பட்டைகளின் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும் துரு எங்கே பிளக்குமோ தெரியாது. குழலைத் தாங்கிப் பிடிப்பது இடது கை. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அந்தப் பணத்துக்கு இன்றுவரை நான் வருந்தியதில்லை.

முத்திரையோடு இன்னொன்றையும் வாசிக்க வேண்டும்: தோட்டா அமரும் அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் அது 2½ அங்குலம், தோட்டாக் கணக்கில் 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர்த் தோட்டா. அது அந்தச் சின்ன அறைக்குள்ளும் சுகமாகப் போய் உட்காரும். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் நீளம் குறைவு. சுடும்போது அந்த மடிப்பு விரியும். விரிய இடமில்லையென்றால் அழுத்தம் ஏறும். ‘உள்ளே போகுதே, போதாதா’ என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்லி அலுத்ததில்லை.

போர் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அது பன்னிரண்டாம் போர், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இருபதாம் போர்த் தோட்டா அதைவிடச் சின்னது. தவறிப் பன்னிரண்டாம் போர்க் குழலில் போட்டால் வழுக்கிப் போய் நடுவில் சிக்கும். காலியென்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். இதற்காகத்தான் இருபதாம் போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே சட்டைப்பையில் ஒருபோதும் போடாதீர்கள்.

கிறீனரிலும் ஒரு பொறி உண்டு. எகிப்துப் பொலிஸுக்கென்று ஜி.பி.யைப் போலவே அச்சு அசலாக ஒரு துவக்குச் செய்தார்கள். திருடுபோனாலும் பிறர் சுட முடியாதபடி அதற்கென்று தனித் தோட்டா, பதினான்காம் போர் அளவில். இன்று அதற்குத் தோட்டா தேடுவது பெரும்பாடு. விற்பவர் ‘அதே கிறீனர்தான்’ என்பார். பெயரை நம்பி வாங்காதீர்கள். முதலில் அது எந்தத் தோட்டாவைத் தின்னும் என்று பாருங்கள்; அது இங்கே கிடைக்குமா, அடுத்த வருடமும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். துவக்கின் விலை அதற்குப் பிறகு.

பெயருக்காகவே துவக்கு வாங்குபவர்களும் உண்டு. வேட்டைக்குப் பேர்போன வெள்ளைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840-களின் கடைசியில் நுவரெலியாவுக்கு வந்து குடியேறினார். அவருக்கு பிரிஸ்டலில் கிப்ஸ் செய்த ஒற்றைக் குழல் ரைபிள் ஒன்றிருந்தது. எடை 21 இறாத்தல். அந்த மாதிரித் துவக்குகளை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குபவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுவரில் மாட்டுவதற்கு. எனக்கு உருளைக்கிழங்குப் பாத்தி காக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பன்றிக்கூட்டம் இறங்கினால் விடியுமுன் மூன்று பாத்தி உழுதது மாதிரியாகிவிடும்.

வாங்கிய முதல் வருடமே என் கிறீனர் என்னைக் கைவிட்டது. தப்பு என்னுடையது. அப்பா துரை கொடுத்த ரங்கூன் எண்ணெய் போட்டுத் துடைப்பார்; துவக்குக்கென்றே வந்த எண்ணெய் அது. எனக்கு அது கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைப் போட்டேன். ஜனவரி மாதம், என் காணி இருக்கும் நானுஓயாவில் விடியப் பனி விழுகிற காலம். பன்றி இருபது முழத்தில் நிற்கிறது. விசையை அழுத்தினேன். ‘டிக்’கென்று மெல்லிய ஒரு சத்தம் மட்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே இறங்கினாலே உறையத் தொடங்கும். எங்கள் ஊர்ச் சராசரியே 16 பாகை. பூட்டுக்குள் நெய்யாக உறைந்து, ஊசி அடிக்கிற வேகத்தைக் கொன்றிருந்தது. அன்றைக்கு ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். உடனே திறக்கவில்லை. குழலை மண்மேட்டை நோக்கிப் பிடித்தபடி நூறுவரை எண்ணினேன். பிந்தி வெடிக்கும் தோட்டாவும் உண்டு. இப்போது தையல் மெஷின் எண்ணெய்தான், அதுவும் இரண்டு சொட்டு.

ஈரம்தான் மலையகத்தில் துவக்கின் முதல் எதிரி. வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தோலுறை பார்க்க அழகு. ஆனால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழலுக்கு ஊட்டும். தோலுறையில் போட்டுப் பூட்டிய துவக்கை ஆறு மாதம் கழித்துத் திறந்தவர் எனக்குத் தெரிந்தவர்; குழல் முழுக்கச் செம்புள்ளி. துணியில் சுற்றாமல், காற்றுப்படும் பூட்டிய அலுமாரியில் நிறுத்துங்கள். தோட்டாக்களை வேறு அறையில், வேறு பூட்டில் வையுங்கள். நான் அவற்றை வைப்பது பழைய தேயிலைப் பெட்டியொன்றில். உள்ளே உலோகத் தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. மூன்று வீத ஈரப்பதத்தில் காயவைத்த தூளை லண்டன் போகும்வரை காத்த பெட்டி. தொழிற்சாலையில் முப்பது வருடம் தூளின் ஈரம் பார்த்தவனுக்கு இதைவிட நம்பிக்கையான பாத்திரம் தெரியாது. பழைய காகிதத் தோட்டாக்கள் யாரிடமாவது கிடைத்தால் சுட எண்ணாதீர்கள். அவை மழைக்காலத்தில் ஊதி, அறைக்குள் பாதி போய்ச் சிக்கும்.

செலவைப் பற்றி. கொப்பியொன்றில் எழுதி வருகிறேன். துவக்குக்குக் கொடுத்தது ஒரே ஒரு தடவை. அது முதல் பக்கத்தோடு முடிந்தது. மற்றப் பக்கங்களெல்லாம் பின்னால் வந்தவை. லைசனை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி என்று எனக்கு மூன்று நாள் போகும். கட்டணத்தைவிட அந்த மூன்று நாள் வேலைதான் பெரிய செலவு. ஊசிக்குப் பின்னாலுள்ள சுருள்வில் ஒருமுறை தளர்ந்தது. கடையில் இல்லை, கண்டிப் பெரியவர் கையால் செய்து தர நாலு மாதம் எடுத்தது. ஒரு மரக்கறிப் போகம் முழுக்கத் துவக்கு இல்லாமல் போயிற்று. தோட்டா இறக்குமதிச் சாமான், டொலரோடு ஏறும். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனபோது நான் சுடுவதையே ஏறக்குறைய நிறுத்தினேன். நாயும் டோர்ச்சும் தகரச் சத்தமும் பத்தில் எட்டு ராத்திரி போதும் என்று கற்றுக்கொண்டதும் அந்த வருடம்தான்.

ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள்: காதுக்கவசம். பன்னிரண்டாம் போரின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இடது காது கேட்காது; வலது தோளில் வைத்துச் சுடுபவருக்குக் குழல்வாய்க்கு நேரே வருவது இடது காதுதான். நான் போடுவது தொழிற்சாலை ரோலர் அறையில் போடும் அதே வகை. தோலுறை, தோட்டாப் பட்டி, இறக்குமதி எண்ணெய் எல்லாவற்றையும்விட முதலில் வாங்க வேண்டியது அது.

தோட்டா விலை ஏறினால் ஆட்கள் வேறு வழி தேடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. சைக்கிள் பிரேக் வயர் ஒரு முழம் இருந்தால் போதும், சுருக்கு வைத்துவிடலாம். பன்றிக்கென்று வைத்த வயரில் சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் கழுத்தில் இறுகிக் கிடந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் செத்துவிட்டது. இலங்கை மலைகளில் அந்த நிறத்தில் ஒன்றைக் காண்பதே அரிது. கையால் செய்த இடியன் துவக்கும், கயிறு தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் இன்னும் மோசம். கொழுந்துக்குப் போகிற பெண்ணையும் விறகுக்குப் போகிற பிள்ளையையும் அவை பன்றியிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வயர் கண்டால் நான் அறுத்து எடுத்து வந்துவிடுவேன். இதுவரை ஒரு சாக்கில் பாதி சேர்ந்திருக்கிறது.

போன மாசி மாதம் பக்கத்துக் காணித் தம்பி வந்தான். லிந்துலையில் ஒரு கிறீனர் விலைக்கு இருக்கிறதாம். “அண்ணே, உங்களோடது மாதிரியே. வாங்கிப்புடவா?” என்றான். கண்ணில் நான் திம்புளையில் மயங்கின அதே மயக்கம். பூதக்கண்ணாடியையும் மண்ணெண்ணெய்த் துணியையும் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். விற்பவர் வீட்டுத் திண்ணையில் சாக்கு விரித்துத் துவக்கை வைத்தோம். பிடியை இழுத்தேன். ‘டொக்’. எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு குழலைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தோம். யாரோ மினுக்க வேண்டுமென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். முடி பாதி தெரிந்தது. அதன்கீழ் எழுத்து இல்லை. அறை நீளம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்றிருந்தது.

தம்பி கண்ணாடியை வாங்கி மூன்று தரம் பார்த்தான். “தெரியலையேண்ணே” என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம். திரும்பும் வழியில் தலவாக்கலையில் இறங்கி, பன்றி வேலிக்குக் கம்பிவலை என்ன விலை என்று கேட்டான். வாங்கும் அளவைக் காணி சுற்றி முழம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.